ஐந்து நாட்டு நிறுவனங்களை ஒரே கிராஃபில் இணைப்பது எப்படி?

கேள்வி: நார்வே நிறுவனம் ஒன்றின் சென்னைக் கிளையில், கொள்முதல் தரவுகளைக் கவனிக்கும் குழுவில் வேலை செய்கிறேன். நார்வே, பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், இந்தியா ஆகிய நாடுகளில் சுமார் 40,000 சப்ளையர்கள் எங்கள் பட்டியலில் இருக்கிறார்கள். ஒரே நிறுவனம் மூன்று நான்கு பெயர்களில் வருகிறது. போன காலாண்டில் பெயர் ஒற்றுமையை வைத்துப் பட்டியலைச் சுருக்கினோம். அதில் இரண்டு வேறு வேறு நிறுவனங்கள் ஒன்றாகிவிட்டன, ஒருவருக்குப் போக வேண்டிய பணம் நின்றுபோனது. இப்போது நாலெட்ஜ் கிராஃப், அதாவது நிறுவனங்களைக் கணுக்களாகவும் உறவுகளை இணைப்புகளாகவும் வைக்கும் தரவுத்தளம், போடச் சொல்கிறார்கள். யாருக்கு யார் சொந்தம் என்றும் அதில் தெரிய வேண்டுமாம். ஆஸ்லோ தலைமையகத்துடனும் ஜெர்மனியில் உள்ள கூட்டாளி நிறுவனத்துடனும் இதைப் பகிரவும் வேண்டும். கிராஃப் உண்மையிலேயே தேவையா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சப்ளையர் யார் என்று அடையாளம் காண்பது மட்டுமே சிக்கல் என்றால் கிராஃப் வேண்டாம். நாடு, பதிவேடு, பதிவு எண் என்று மூன்று பத்திகள் கொண்ட சாதாரண அட்டவணை போதும். ஆனால் உங்களிடம் இன்னும் இரண்டு தேவைகள் இருக்கின்றன: உரிமையாளர் சங்கிலியைப் பின்தொடர்வது, அதை எல்லை தாண்டிப் பகிர்வது. இந்த இரண்டுக்கும் அட்டவணையைவிட கிராஃப் வசதியானது. ஆனால் கிராஃப் மென்பொருளை வாங்கிவிட்டால் அந்தப் பணம் நின்றுபோன சம்பவம் மறுபடி நடக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே தவறு எதில் நடந்தது என்றால், இரண்டு பதிவுகளை ஒரே வரியாகக் கரைத்ததில். கரைத்த பிறகு எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்க வழியில்லை. அதே பழக்கத்தோடு கிராஃபுக்குப் போனால் அங்கேயும் அதுதான் நடக்கும், இன்னும் வேகமாக.

ஆகவே வடிவமைப்பை இரண்டு அடுக்காக வையுங்கள். கீழ் அடுக்கில் பதிவேட்டுக் கணுக்கள்: ஒவ்வொரு நாட்டுப் பதிவேடும் ஒரு நிறுவனத்தைப் பற்றி என்ன சொல்கிறதோ அது அப்படியே, எழுத்து மாறாமல். மேல் அடுக்கில் நிறுவனக் கணுக்கள்: இந்தப் பதிவும் அந்தப் பதிவும் ஒரே நிறுவனத்துடையவை என்று நீங்கள் எடுத்த முடிவுகளின் விளைவு. இடையில் இருக்கும் இணைப்பு ஒவ்வொன்றும் ஒரு தனிக் கூற்று. யார் அல்லது எந்த விதி, எந்தத் தேதியில், என்ன மதிப்பெண்ணோடு (எவ்வளவு பொருந்துகிறது என்பது, 0 முதல் 1 வரை) சேர்த்தது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். தவறு தெரிந்தால் அந்த ஒரு இணைப்பை நீக்கினால் போதும். கீழே இருக்கும் பதிவுகளுக்கு ஒன்றும் ஆகாது.

கீழ் அடுக்கின் சாவி பதிவு எண்தான். ஒவ்வொரு நாட்டின் எண்ணும் ஒவ்வொரு விதமாகக் காலை வாரும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நார்வே இருப்பதிலேயே சுலபம். ப்ரன்னய்சுந்த் பதிவகம் தரும் 9 இலக்க எண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. முதல் 8 இலக்கங்களை முறையே 3, 2, 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்து வரும் மீதியை 11-இலிருந்து கழித்தால் அந்த இலக்கம் வர வேண்டும். பதிவகத்தின் சொந்த எண் 974760673. பெருக்கிக் கூட்டினால் 173. 11 ஆல் வகுத்தால் மீதி 8. 11-இல் 8 போனால் 3. சரி. மீதி 0 என்றால் இலக்கம் 0. மீதி 1 வந்தால் அப்படியொரு எண்ணே கிடையாது. பெயர் மாறினாலும் இந்த எண் மாறாது: ஸ்டாட்ஆயில் 2018 மே மாதம் எக்வினார் ஆனபோது 923609016 அப்படியே நின்றது. ஆனால் இரண்டு இடத்தில் கவனம். ஒன்று, நிறுவனத்துக்கும் எண் உண்டு, அதன் தொழிற்கூடங்களுக்கும் தனித்தனி எண் உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரியான 9 இலக்கங்கள். இன்வாய்ஸில் வருவது தொழிற்கூட எண்ணாக இருக்கலாம். இரண்டு, வெளிநாட்டு நிறுவனம் நார்வேயில் கிளை திறந்தால் என்யூஎஃப் என்ற வகையில் அதற்கும் நார்வே எண் கிடைக்கும். ஒரு பிரிட்டிஷ் லிமிடெட் கம்பெனியும் அதன் நார்வே என்யூஎஃப்-பும் சட்டப்படி ஒரே ஆள். ஆனாலும் இரண்டு பதிவுகளையும் ‘ஒன்றேதான்’ என்று இணைக்கக் கூடாது. ‘இதன் கிளை’ என்ற தனி உறவு போடுங்கள். இல்லாவிட்டால் கிளையின் முகவரியும் கிளை மூடிய தேதியும் தாய் நிறுவனத்தின் மேல் ஏறிவிடும். கிளை மூடியதைப் பார்த்து, உயிரோடு இருக்கும் கம்பெனியை உங்கள் சிஸ்டம் முடக்கிவிடும்.

பிரிட்டனில் கம்பெனீஸ் ஹவுஸ் தருவது 8 எழுத்துகள். டெஸ்கோ பிஎல்சி-யின் எண் 00445790. எக்செல் கோப்பைத் திறந்து மூடினாலே முன்னால் இருக்கும் இரண்டு பூஜ்யமும் போய்விடும். ஆகவே அந்தப் பத்தியை எழுத்து வகையாகவே படியுங்கள். ஏற்கெனவே போனவற்றுக்கு இடப்பக்கம் பூஜ்யம் நிரப்பி எட்டாக்குங்கள். ஸ்காட்லாந்து கம்பெனிக்கு முன்னால் எஸ்சி, வட அயர்லாந்துக்கு என்ஐ. ‘எண் என்றால் இலக்கங்கள்தானே’ என்று எழுத்துகளைக் கழற்றிப் பூஜ்யம் நிரப்பும் ஸ்கிரிப்டுகள் உண்டு. எஸ்சி 123456 என்பது 00123456 ஆகும். அது இங்கிலாந்தில் பதிவான சம்பந்தமே இல்லாத இன்னொரு கம்பெனி. இன்னொரு பொறி: மாதம் ஒருமுறை இலவசமாக வெளியாகும் மொத்தக் கோப்பில் பதிவேட்டில் உயிரோடு இருப்பவை மட்டுமே இருக்கும். கலைக்கப்பட்ட கம்பெனி ‘கலைக்கப்பட்டது’ என்ற குறிப்போடு வராது; அடுத்த மாதக் கோப்பில் காணாமல் போகும். புதுக் கோப்பைப் பழையதன் மேல் ஏற்றிக்கொண்டே போனால் அது உங்கள் கிராஃபில் என்றென்றும் உயிரோடு இருக்கும். இரண்டு மாதக் கோப்புகளையும் ஒப்பிட்டு, காணாமல் போனவற்றை ஏபிஐ (நிரல்கள் நேரடியாகக் கேள்வி கேட்கும் வழி) மூலம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 5 நிமிடத்துக்கு 600 கேள்விகள் வரை அனுமதி. உங்கள் அளவுக்கு அது தாராளம்.

ஜெர்மனிதான் தலைவலி. வணிகப் பதிவேட்டை உள்ளூர் நீதிமன்றங்கள் நடத்துகின்றன. ஜிஎம்பிஎச், ஏஜி போன்ற பங்கு மூலதன நிறுவனங்கள் எச்ஆர்பி பிரிவில். கேஜி, ஓஎச்ஜி போன்ற கூட்டாண்மைகள் எச்ஆர்ஏ பிரிவில். ‘எச்ஆர்பி 5000’ என்று மட்டும் எழுதினால் அது யாரையும் குறிக்காது. மியூனிக்கிலும் ஒன்று இருக்கலாம், ஹாம்பர்கிலும் ஒன்று இருக்கலாம். நீதிமன்றத்தின் குறியீடும் சேர்ந்தால்தான் சாவி. பெர்லினில் எண்ணுக்குப் பின்னால் ‘பி’ என்றொரு எழுத்து வரும். நீதிமன்றங்கள் இணைக்கப்பட்ட இடங்களிலும் இப்படி வால் எழுத்துகள் உண்டு, அவற்றை வெட்டாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு ஜிஎம்பிஎச் மியூனிக்கிலிருந்து பெர்லினுக்குத் தலைமையிடத்தை மாற்றினால் பழைய தாள் மூடப்பட்டுப் புது நீதிமன்றத்தில் புது எண் கிடைக்கும். நிறுவனம் அதேதான், எண் வேறு.

நம் நாட்டில் கம்பெனிகளுக்குத் தரப்படும் சிஐஎன் எண்ணுக்கும் இதே குணம் உண்டு. 21 எழுத்துகளில் முதல் எழுத்து பங்குச்சந்தையில் இருக்கிறதா இல்லையா என்பது. அடுத்த 5 தொழில். பிறகு 2 எழுத்தில் மாநிலம், 4 இலக்கத்தில் ஆண்டு, 3 எழுத்தில் வகை, கடைசி 6 பதிவு எண். தமிழ்நாட்டிலிருந்து கர்நாடகத்துக்குப் பதிவு அலுவலகம் மாறினாலோ, பங்குச்சந்தைக்குள் நுழைந்தாலோ, பிரைவேட் பப்ளிக் ஆனாலோ சிஐஎன் மாறும். ஆகவே எண்ணை நிறுவனக் கணுவின் அடையாளமாகவே வைத்துவிடாதீர்கள். எண்ணைத் தனிக் கணுவாக்கி, யார் கொடுத்தது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று எழுதி, நிறுவனத்தோடு இணையுங்கள். நிறுவனக் கணுவுக்கு அர்த்தமில்லாத ஒரு உள் எண் போதும்.

பிரான்ஸில் நிறுவனத்துக்கு 9 இலக்க சிரென், அதனுடன் 5 இலக்கம் சேர்ந்தால் ஒவ்வொரு கிளைக்கும் 14 இலக்க சிரெட். நார்வே எண்ணும் 9 இலக்கம், சிரெனும் 9 இலக்கம். நாடு என்ற பத்தி காலியாக இருந்தால் இரண்டும் மோதும். சிரென், சிரெட் இரண்டும் லூன் என்ற சரிபார்ப்பு இலக்க முறையில் சோதிக்கக் கூடியவை, ஒரு பெரிய விதிவிலக்கோடு: பிரெஞ்சு அஞ்சல் நிறுவனமான லா போஸ்ட்டின் (சிரென் 356000000) கிளை எண்கள் பல லூன் சோதனையில் தேறாது. அவற்றுக்கு எல்லா இலக்கங்களின் கூட்டுத்தொகை 5-ஆல் வகுபட வேண்டும் என்பதே விதி. இது தெரியாமல் சோதனை எழுதினால் முறையான இன்வாய்ஸ்கள் குப்பைக்குப் போகும்.

வாட் (மதிப்புக் கூட்டு வரி) எண்ணைச் சாவியாக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். பிரிட்டன் உட்படப் பல நாடுகளில் குழுமப் பதிவு உண்டு. பல கம்பெனிகள் ஒரே வாட் எண்ணில் இருக்கும். துணைச் சான்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாடுகளைத் தாண்டிய பொது எண் இல்லையா? இரண்டு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பதிவேடுகளை இணைக்கும் பிரிஸ் அமைப்பு 2017 ஜூன் 8 முதல் இயங்குகிறது. அதில் நாடு, பதிவேடு, எண் மூன்றையும் சேர்த்த இயுஐடி பயன்படுகிறது. பிரிட்டன் 2020 முடிவோடு அதிலிருந்து வெளியேறிவிட்டது. மற்றது எல்இஐ, நிறுவனங்களுக்கான உலகப் பொது அடையாள எண்: ஐஎஸ்ஓ 17442 தரத்தின்படி 20 எழுத்துகள். இந்தியாவிலும் பெரிய கடன்களுக்கும் 50 கோடி ரூபாயும் அதற்கு மேலுமான எல்லை தாண்டிய பரிவர்த்தனைகளுக்கும் ரிசர்வ் வங்கி இதைக் கேட்கிறது. எல்இஐ பதிவிலேயே உள்நாட்டுப் பதிவு எண்ணும் எந்தப் பதிவேடு என்ற குறியீடும் இருப்பதால் இது உங்களுக்குத் தயாராகக் கிடைக்கும் பாலம். விலையும் இல்லை, உரிமக் கட்டுப்பாடும் இல்லை. குறை என்னவென்றால் உலகம் முழுக்க வழங்கப்பட்டவை சில பத்து லட்சங்கள்தான். பிரிட்டன் பதிவேட்டில் மட்டும் 50 லட்சம் கம்பெனிகள் இருக்கின்றன. உங்கள் சிறிய சப்ளையர்களிடம் எல்இஐ இருக்காது. ஆண்டுதோறும் புதுப்பிக்காதவற்றில் ‘காலாவதி’ என்ற குறிப்பு இருக்கும். அப்போதும் எண் அதே நிறுவனத்தைத்தான் சுட்டும். அதில் உள்ள முகவரியை மட்டும் நம்பாதீர்கள்.

எண்ணே இல்லாமல் பெயர் மட்டும் இருக்கும் வரிகள் எப்படியும் மிஞ்சும். அங்கே பெயர்ப் பொருத்தம் தவிர்க்க முடியாதது. முதலில் சட்ட வடிவத்தைப் பெயரிலிருந்து பிரித்துத் தனிப் பத்தியில் வையுங்கள். தூக்கி எறியாதீர்கள்: ஒரே பெயரில் ஒரு ஜிஎம்பிஎச்-சும் ஒரு ஜிஎம்பிஎச் அண்ட் கோ கேஜி-யும் ஒரே கட்டிடத்தில் இருப்பது ஜெர்மனியில் சகஜம். உங்கள் விபத்து இந்த ரகமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். சட்ட வடிவங்களுக்கு ஐஎஸ்ஓ 20275 என்ற 4 எழுத்துக் குறியீட்டுப் பட்டியல் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

எழுத்துகளிலும் ஒரு நுணுக்கம். யூனிகோடில் எழுத்தையும் அதன் குறிகளையும் தனித்தனியாக்கும் என்எஃப்டி முறைப்படி பிரித்தால் இரு புள்ளி போட்ட ஜெர்மன் ‘ஓ’ எழுத்து, வெறும் ‘ஓ’ தனியாகவும் புள்ளிகள் தனியாகவும் கழன்றுவிடும். குறுக்குக் கோடு போட்ட நார்வே ‘ஓ’ கழலாது. அது தனி எழுத்து. ‘புள்ளிகளை நீக்கிவிட்டேன், எல்லாம் சமமாகிவிட்டது’ என்று நினைக்கும் ஸ்கிரிப்ட் நார்வே பெயர்களில் பாதியைக் கோட்டைவிடும். அந்த நார்வே ‘ஓ’-வுக்கும் ஜெர்மன் இரட்டை எஸ் எழுத்துக்கும் கையால் ஒரு மாற்று அட்டவணை எழுதுங்கள். ஜெர்மன் ‘ஓ’-வை சிலர் ‘ஓஇ’ என்றும் தட்டச்சு செய்வார்கள். ஒப்பிடும்போது இரண்டு வடிவங்களையும் முயலுங்கள்.

முகவரி பொருந்துவதைப் பெரிய சான்றாக எடுக்காதீர்கள். கம்பெனி பதிவு செய்து தரும் சேவைகளின் முகவரியில், ஒரே கதவு எண்ணில், ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ் கம்பெனிகள் இருக்கின்றன. ஒரு முகவரியில் 50-க்கு மேல் கம்பெனிகள் இருந்தால் அந்த முகவரிக்கு மதிப்பெண் பூஜ்யம் என்று விதி வையுங்கள்.

மதிப்பெண் வரம்பு? தொடக்கத்துக்கு 0.92-க்கு மேல் தானாக இணைக்கலாம், 0.75 முதல் 0.92 வரை மனிதர் பார்க்கலாம், அதற்குக் கீழே விட்டுவிடலாம். இந்த எண்கள் வேதவாக்கு ஒன்றும் இல்லை. உங்கள் பட்டியலிலிருந்து 400 ஜோடிகளை இரண்டு பேர் தனித்தனியாகக் கையால் குறித்து, அதை வைத்து வரம்பை நகர்த்துங்கள். ஒரு இணைப்பு விட்டுப்போனால் அறிக்கையில் சிறு குறை. தவறாக இணைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். சந்தேகம் வந்தால் விட்டுவிடும் பக்கமே சாயுங்கள். இந்தக் கட்டத்துக்கு ஓப்பன்ரிஃபைன் இலவசக் கருவி போதும். வெளிப் பதிவேட்டுச் சேவைகளோடு பொருத்திப் பார்க்கும் வசதி அதிலேயே இருக்கிறது.

இனி கிராஃபில் எழுதும்போது. தரவைச் சிறு சிறு கூற்றுகளாக எழுதும் ஆர்டிஎஃப் தரத்தின் உலகில் ‘இரண்டும் ஒன்றே’ என்று சொல்ல சேம்-ஆஸ் என்ற உறவு இருக்கிறது, எல்லோரும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். அது கடுமையான சொல். அ-வும் ஆ-வும் ஒன்று, ஆ-வும் இ-யும் ஒன்று என்றால் அ-வும் இ-யும் ஒன்று என்று தர்க்க எந்திரம் தானே முடிவுக்கு வரும். மூன்றின் எல்லாக் கூற்றுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். நடுவில் ஒரு தவறான இணைப்பு இருந்தால் இரண்டு பெரிய குழுமங்கள் ஒன்றாகிவிடும். ஸ்கோஸ் என்ற பொதுச் சொல்தொகுதியில் எக்ஸாக்ட்-மேட்ச் உறவும் இப்படிக் கடத்தும், க்ளோஸ்-மேட்ச் கடத்தாது. பரிசீலனையில் உள்ளவற்றுக்கு க்ளோஸ்-மேட்ச் போடுங்கள், உறுதியானவற்றை நிறுவனக் கணு வழியாக இணையுங்கள், சேம்-ஆஸ் பக்கமே போகாதீர்கள். எல்லா இணைப்புகளையும் ஒரு தனிப் பெயரிட்ட கிராஃபில் (பெயர் வைத்துப் பிரித்த கூற்றுத் தொகுப்பு) வையுங்கள்.

பெயரிட்ட கிராஃப் என்றதும் ஒரு ஒழுங்கு: ஒரு மூலம், ஒரு ஏற்றம், ஒரு கிராஃப். கம்பெனீஸ் ஹவுஸின் ஒரு மாதக் கோப்பு ஒன்று. எல்இஐ கோப்பு ஒன்று. உங்கள் ஈஆர்பி என்ற நிறுவன நிர்வாக மென்பொருளிலிருந்து வந்தது ஒன்று. ஒவ்வொன்றின் மேலும் மூலம், எடுத்த தேதி, உரிமம். இந்த உரிமக் குறிப்பு பகிரும் நேரத்தில் உங்களைக் காப்பாற்றும்.

வகைகளுக்கும் உறவுகளுக்கும் சொற்களைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். பதிவு செய்யப்பட்ட நிறுவனங்களுக்கு இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி-யின் ரெக்ஆர்க், கிளைகளுக்கும் பதவிகளுக்கும் அதே அமைப்பின் ஆர்க் ஆன்டாலஜி இரண்டும் தயாராக இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்த யூபிசினஸ்கிராஃப் திட்டத்தில் நார்வே பதிவகமும் கம்பெனித் தரவுகளைத் திரட்டும் ஓப்பன்கார்ப்பரேட்ஸும் இத்தாலியத் தரவு நிறுவனங்களும் சேர்ந்து பல நாட்டுக் கம்பெனித் தரவை இணைத்தபோதும் ரெக்ஆர்க்கை அடித்தளமாக எடுத்து, வேண்டியதை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள்.

உரிமையாளர் சங்கிலிக்கு வருவோம். இங்கேதான் கிராஃப் தன் சம்பளத்தைச் சம்பாதிக்கும். தவறும் இங்கேதான் அதிகம். ‘சொந்தக்காரர்’ என்று மூன்று மூலங்கள் மூன்று வேறு விஷயங்களைச் சொல்கின்றன. பிரிட்டனின் பிஎஸ்சி பதிவேடு (கணிசமான கட்டுப்பாடு உள்ளவர்களின் பட்டியல்) 2016 முதல் 25 சதவீதத்துக்கு மேல் கட்டுப்பாடு உள்ளவர்களைச் சொல்கிறது, அதுவும் மூன்று பட்டைகளாக: 25-க்கு மேல் 50 வரை, 50-க்கு மேல் 75-க்குள், 75-உம் அதற்கு மேலும். நார்வே வரித்துறையின் பங்குதாரர் பதிவேடு டிசம்பர் 31 நிலவரப்படி பங்குகளின் துல்லிய எண்ணிக்கையைச் சொல்கிறது. எல்இஐ-யின் இரண்டாம் நிலைத் தரவு, கணக்கை ஒருங்கிணைக்கும் தாய் நிறுவனம் எது என்று சொல்கிறது. பங்கு சதவீதம் அங்கே முக்கியமில்லை. மூன்றையும் ஒரே உறவாக எழுதினால் ஒரு கம்பெனிக்கு மூன்று முதலாளிகள் சண்டை போடுவதுபோல அறிக்கை வரும். மூன்று உறவுகள், மூன்று பெயர்கள். பட்டையை நடு எண்ணாக மாற்றி ‘37.5 சதவீதம்’ என்று எழுதவே எழுதாதீர்கள். கீழ் எல்லை, மேல் எல்லை என்று இரண்டு மதிப்பாக வையுங்கள்.

பெருக்கலிலும் கவனம். ஒரு நிறுவனம் இரண்டாவதில் 60 சதவீதம், இரண்டாவது மூன்றாவதில் 60 சதவீதம் வைத்திருந்தால் முதலாவதுக்குப் பொருளாதாரப் பங்கு 36 சதவீதம். ஆனால் 50-க்கு மேல் இருப்பதால் கட்டுப்பாடு முழுசாகக் கீழே இறங்கும். உங்கள் இடர் குழுவுக்கு எது வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கட்டுப்பாடுதான் வேண்டியிருக்கும்.

பிஎஸ்சி-யில் சங்கிலி நடுவில் நிற்கும். மேலே ஒரு பிரிட்டிஷ் கம்பெனி இருந்தால் அந்தக் கம்பெனியின் பெயரோடு பதிவு முடிந்துவிடும். அதற்கு மேலே யார் என்று அதன் பதிவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த மேல் கம்பெனியின் எண்ணும் நாடும் தாக்கல் செய்தவர் கையால் அடித்தவை. ஒரே நாட்டுக்கு ‘இங்கிலாந்து’, ‘யுகே’, ‘இங்கிலாந்து அண்ட் வேல்ஸ்’ என்று பல வடிவங்கள் கிடைக்கும். எண்ணில் முன் பூஜ்யம் இருக்காது. மேலே சொன்ன பூஜ்யம் நிரப்பும் வேலையை இங்கேயும் செய்யுங்கள்.

ஆர்டிஎஃப் தரவைக் கேள்வி கேட்கும் ஸ்பார்க்கில் மொழியில், உறவின் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி போட்டால் சங்கிலி முழுவதையும் ஏறிப் பார்க்கும். இரண்டு கம்பெனிகள் ஒன்றுக்கொன்று பங்கு வைத்திருந்தாலும் சுழலில் சிக்காது. ஆனால் வழியில் உள்ள சதவீதங்களைப் பெருக்கித் தராது. அதற்குப் பைத்தானில் சிறு நிரல் எழுதி, பார்த்த கணுக்களின் பட்டியல் வைத்து, 10 படிக்கு மேல் போகாமல் நிறுத்துங்கள்.

தொழில் குறியீடுகளைப் பற்றிச் சுருக்கமாக: பிரிட்டனின் எஸ்ஐசி 2007-இல் 5 இலக்கம், ஐரோப்பாவின் நாஸ் பட்டியலில் 4. முதல் 4 இலக்கத்தில் ஒப்பிடலாம், எந்தத் திருத்தப் பதிப்பு என்று பக்கத்தில் எழுதியிருந்தால். இந்தியாவின் என்ஐசி-யோடு முதல் 2 இலக்கத்துக்கு மேல் ஒப்பிட முயல வேண்டாம்.

அளவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஒரு நிறுவனத்துக்கு 30 கூற்றுகள் என்றால் 40,000-க்கு 12 லட்சம். உரிமையாளர்கள் இரண்டு படி மேலே சேர்த்தாலும் 50 லட்சத்தைத் தாண்டுவது கடினம். 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் அப்பாச்சி ஜீனா ஃபியூசெகி என்ற ஆர்டிஎஃப் சர்வர் இதைத் தாங்கும். ஐந்து நாட்டுப் பதிவேடுகளை முழுசாக ஏற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டால்தான் செலவு எகிறும். உங்களுக்கு அது தேவையில்லை. நியோ4ஜே போன்ற வேறு வகைக் கிராஃப் தரவுத்தளங்கள் உள் வேலைக்கு நன்றாகவே இருக்கும். வெளியாருடன் பகிர்வது நோக்கம் என்பதால் என் ஓட்டு ஆர்டிஎஃப்-க்கு.

ஏற்றுவதற்கு முன் ஆர்டிஎஃப் தரவைச் சோதிக்கும் ஷாக்கிள் விதிகளால் வடிகட்டுங்கள்: நார்வே எண்ணுக்கு 11-ஆல் வகுக்கும் சோதனை, எல்இஐ-யில் எழுத்துகளை 10 முதல் 35 வரையான எண்களாக மாற்றி 97-ஆல் வகுத்தால் மீதி 1, கலைத்த தேதி தொடங்கிய தேதிக்குப் பிந்தையது, ஒரே பதிவேட்டில் ஒரே நேரத்தில் செல்லுபடியாகும் எண் ஒன்றே ஒன்று. தேறாதவற்றை நீக்காமல் தனி கிராஃபில் ஒதுக்குங்கள். லா போஸ்ட் மாதிரி விதிவிலக்குகள் அங்கேதான் கண்ணில் படும்.

கடைசியாகப் பகிர்வு. எல்இஐ தரவை யாருக்கும் கொடுக்கலாம். நார்வேயின் திறந்த தரவு உரிமம் மூலத்தைக் குறிப்பிடச் சொல்கிறது. ஓப்பன்கார்ப்பரேட்ஸின் திறந்த உரிமத்தில் எடுத்தால் அதிலிருந்து உருவாக்கியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்; இதைச் சட்டக் குழுவிடம் கேட்காமல் கலக்காதீர்கள். ஜெர்மன் பதிவேட்டை 2022 ஆகஸ்ட் 1 முதல் கட்டணமின்றிப் பார்க்கலாம், ஆனால் மணிக்கு 60 தடவைக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பயன்பாட்டு விதி. ஸ்கிரிப்டை அதற்கேற்ப மெதுவாக ஓட்டுங்கள். காசு கொடுத்து வாங்கிய தரவு ஒப்பந்தத்தில் மறுபகிர்வுக்கு இடமிருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதி நிரல் அனுமதிக்கப்பட்ட உரிமம் உள்ள கிராஃப்களை மட்டும் எடுக்க வேண்டும்; உரிமக் குறிப்பே இல்லை என்றால் ‘கூடாது’ என்று பொருள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தரவுச் சட்டமான ஜிடிபிஆர் கம்பெனிகளைப் பற்றிய தரவுக்குப் பொருந்தாது, மனிதர்களைப் பற்றியதற்குப் பொருந்தும். நார்வேயில் தனிநபர் தொழிலின் பெயரிலேயே உரிமையாளரின் குடும்பப் பெயர் இருந்தாக வேண்டும். ஆக அந்தப் பெயரே தனிநபர் தரவு. இயக்குநர்கள், பங்குதாரர்களும் அப்படியே. இந்தியாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘போதுமான பாதுகாப்பு’ அங்கீகாரம் இல்லாததால், தரவு ஆஸ்லோ சர்வரிலேயே இருந்தாலும் சென்னை அலுவலகம் தனி நிறுவனமாகப் பதிவாகியிருந்தால் அங்கிருந்து திறந்து பார்ப்பது நாடு கடந்த மாற்றமாகக் கருதப்படும். 2021 ஜூனில் வந்த நிலையான ஒப்பந்த விதிகள் தலைமையகத்துக்கும் உங்களுக்கும் இடையே கையெழுத்தாகியிருக்கின்றனவா என்று கேளுங்கள். இறுதி உரிமையாளர் பதிவேடுகளைப் பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்துவைக்கும் விதியை ஐரோப்பிய நீதிமன்றம் 2022 நவம்பர் 22 அன்று செல்லாததாக்கியது. அதற்கு முன் இறக்கிய கோப்பு கையில் இருந்தால் அதை ‘பொதுத் தரவு’ என்று எண்ணி அனுப்பிவிடாதீர்கள். மனிதர்களைத் தனி கிராஃபில் வைத்தால், அதை விட்டுவிட்டு மீதியை அனுப்புவது ஒரு வரி வேலை.

அனுப்பும்போது உங்கள் உள் எண்களை அனுப்பிப் பயனில்லை. ஜெர்மன் கூட்டாளிக்கு அவை ஒன்றும் சொல்லாது. நாடு, பதிவேடு, எண் மூன்றும் சேர்ந்த சாவியோடு பதிவேட்டுக் கணுக்களையும், இணைப்பு முடிவுகளை மதிப்பெண், தேதியோடு தனிக் கோப்பாகவும் ஜேசான்-எல்டி என்ற ஆர்டிஎஃப் கோப்பு வடிவில் கொடுங்கள். முதல் தடவை முழுக்கோப்பு, பிறகு மாதம்தோறும் மாறியவை மட்டும். நீக்கப்பட்ட இணைப்புகளையும் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று அதிலேயே அனுப்புங்கள். இதை மறந்தால் நீங்கள் திருத்திய தவறு அங்கே வாழ்ந்துகொண்டிருக்கும். அவர்கள் உங்கள் இணைப்பு ஒன்றை மறுத்தால் அந்த மறுப்பை அவர்கள் பெயரில் தனி கிராஃபாக ஏற்றி, உங்கள் முடிவுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். மோதும் ஜோடிகளை மட்டும் ஒரு ஸ்பார்க்கில் கேள்வி எடுத்துக் கொடுக்கும்; மாதம் ஒருமுறை இருவரும் அந்தப் பட்டியலை மட்டும் உட்கார்ந்து பார்த்தால் போதும்.